அமைச்சரும் வினாவும்

அநுராதபுரத்திலிருந்து ஆட்சி புரிந்த எல்லாளன், தன் படுக்கையின் தலைமாட்டில் ஒரு மணியைக் கட்டுவித்து, நீதி வேண்டி வருவோர் எவரும் இழுத்து அசைக்கத்தக்கதாக அதற்கு நீண்ட கயிறொன்றைப் பூட்டியிருந்தான் என்று மகாவம்சம் கூறுகின்றது. திருவாரூரிலே மனுநீதிச் சோழனின் வாயிலில் தொங்கிய மணியைப் பற்றிப் பெரியபுராணம் கூறும். கன்றை இழந்த பசு மணியை அசைத்ததும், மன்னன் தன் மைந்தனென்றும் பாராது தண்டித்ததும் இரு நூல்களிலும் வரும் வரலாறுகள். ஆளப்படுவோனுக்கு ஆள்வோனைக் கூப்பிட்டுக் கேட்கும் உரிமை உண்டு என்னும் எண்ணம் இத்தீவிலும் தமிழகத்திலும் எவ்வளவு பழைமையானது என்பதற்கு இவை சான்றாகும்.

ஆயினும் அம்மணியில் ஒரு குறை இருந்தது. அதன் பயன் முழுவதும் மன்னனுடைய குணத்தையே சார்ந்திருந்தது. எல்லாளனைப் போன்ற அரசன் உள்ளே இருந்தால் மணி நீதியின் குரல். செவிசாயாத அரசன் இருந்தால் அது வெறும் வெண்கலமே. ஆள்வோனின் குணத்தை நம்பியிராது, விதியினாலும் வழக்கத்தினாலும் அவனை விடை கூறச் செய்வதற்கு மக்களாட்சி கண்ட வழிகளுள் ஒன்றுதான் பாராளுமன்ற வினா.

வினா என்பது சட்டமன்று, வாக்கெடுப்புமன்று. அதனால் அரசாங்கம் கவிழ்வதில்லை. ஒரு சதமேனும் செலவிடப்படுவதுமில்லை. ஓர் அங்கத்தவர் எழுந்து, குறித்த ஒரு விடயம் பற்றிக் குறித்த ஓர் அமைச்சரிடம் கேட்கிறார். அமைச்சர் எழுந்து விடை கூறுகிறார். ஒரே நாளில் நெல் விலை, வைத்தியசாலை மருந்து, ஆசிரியர் இடமாற்றம், மீன்பிடித் துறைமுகம், சிறைச்சாலை, வெளிநாட்டுக் கடன் என்று ஒன்றோடொன்று தொடர்பற்ற பல பொருள்கள் இவ்வாறு சபை முன் வந்து போகும். கேட்போருக்கு இது சிதறலாகத் தோன்றலாம். ஆனால் ஆட்சி என்பதே இத்தகைய ஆயிரம் சிறு காரியங்களின் தொகுதிதான். பெரிய விவாதங்களிலே கொள்கை பேசப்படுகிறது. வினா நேரத்திலே அக்கொள்கை ஊருக்கு வந்து சேர்ந்ததா என்பது சோதிக்கப்படுகிறது.

இலங்கைப் பாராளுமன்றத்திலே வினாவுக்கென ஒரு வடிவம் நிலைபெற்றுள்ளது. உதாரணமாக, ஒரு கிராமத்துக் குளத்தின் அணைக்கட்டு உடைந்து பல போகங்களாகத் திருத்தப்படவில்லை என்று வைத்துக்கொள்வோமாயின், அங்கத்தவர் நீர்ப்பாசன அமைச்சரைப் பின்வருமாறு வினவக்கூடும்: (அ) அக்குளத்தின் அணைக்கட்டு உடைந்துள்ளது என்பதை அவர் அறிவாரா? (ஆ) அதனைத் திருத்துவதற்கு ஒதுக்கப்பட்ட பணம் எவ்வளவு, செலவிடப்பட்ட பணம் எவ்வளவு என்பதை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா? (இ) திருத்த வேலை முடிவுறும் திகதி யாது? (ஈ) இன்றேல், ஏன்? இறுதியில் வரும் அவ்விரு சொற்களும் பாராளுமன்றக் கூட்ட அறிக்கையாகிய ஹன்சாட்டைப் புரட்டுவோருக்கு நன்கு பழக்கமானவை. பார்வைக்கு அவை வெறும் சம்பிரதாயமே. உண்மையிலோ, அமைச்சர் மௌனமாயிருந்து தப்பிக்கொள்ளக்கூடிய வாயிலை அடைக்கும் தாழ்ப்பாள் அவை. தகவலைத் தருக, தர இயலாதாயின் அதற்குக் காரணத்தைத் தருக என்பதே அவற்றின் பொருள்.

வினா எப்படியும் அமைந்துவிடலாகாது. பிரித்தானியப் பாராளுமன்ற வழக்கத்தைத் தழுவிய சபைகள் பலவற்றிலும் இதற்கு ஏறக்குறைய ஒரே வகையான கட்டுப்பாடுகள் உள்ளன. வினா ஒரு தகவலைக் கேட்பதாகவோ, ஒரு செயலை வற்புறுத்துவதாகவோ இருத்தல் வேண்டும், சொற்பொழிவாக மாறலாகாது. அமைச்சரின் பொறுப்புக்கு உட்பட்ட விடயத்தையே கேட்டல் வேண்டும். கற்பனையாக ஒன்றை வைத்து அபிப்பிராயம் கேட்டலாகாது. நீதிமன்றத்தின் முன்னுள்ள வழக்கைத் தொடலாகாது. முன்னறிவித்தல் கொடுத்தே வினவ வேண்டும். இவ்விதிகளுக்கு வினா அமைகின்றதா என்பதைத் தீர்மானிப்பவர் சபாநாயகர். இக்கட்டுப்பாடுகள் அங்கத்தவரின் கையைக் கட்டுவன என்று எண்ணுவதற்கில்லை. வினா எவ்வளவுக்குக் குறுகியும் கூர்மையாகவும் அமைகின்றதோ, அவ்வளவுக்கு நழுவிச் செல்லும் விடை கூறுதல் அமைச்சருக்குக் கடினமாகும்.

முன்னறிவித்தல் கொடுக்கப்பட்ட நாளுக்கும் விடை கூறப்படும் நாளுக்கும் இடையிலே நிகழ்வதைச் சபையின் பார்வையாளர் காண்பதில்லை. வினா முதலில் அமைச்சின் செயலாளரிடம் செல்கிறது. அங்கிருந்து திணைக்களத் தலைவருக்கும், தேவையாயின் மாவட்டக் கச்சேரிக்கும், பிரதேச அலுவலகத்துக்கும் செல்கிறது. எங்கோ ஓர் அலுமாரியில் உறங்கிக் கிடந்த கோவை வெளியே எடுக்கப்படுகிறது. பணம் ஒதுக்கப்பட்டதா, ஒதுக்கப்பட்டதாயின் எங்கே நின்றது, யாருடைய கையொப்பத்துக்காக நின்றது என்று ஒருவர் மற்றொருவரைக் கேட்க வேண்டியதாகிறது. உடைந்த அணைக்கட்டு பற்றிய வினா சபையில் வாசிக்கப்படுவதற்கு முன்னரே, வேலையைத் தொடங்குமாறு கட்டளை பிறந்துவிடுதலும் உண்டு. வினாவின் பயனிற் பெரும்பகுதி இவ்வாறு விடைக்கு முன்னரே, எவரும் காணாத அலுவலகங்களில் விளைகிறது.

எனினும் எழுதி அனுப்பிய வினாவுக்கு எழுதி வைத்த விடையை வாசிப்பது அமைச்சருக்கு அரிய செயலன்று. வினா நேரத்துக்கு உயிர் கொடுப்பது அதனைத் தொடர்ந்து எழும் துணைவினாவேயாகும். ‘திருத்த வேலை மேற்கொள்ளப்பட்டு வருகிறது’ என்பது அமைச்சரின் விடை என்க. ‘வேலை எந்த மாதம் தொடங்கியது? இன்று அங்கே எத்தனை பேர் வேலை செய்கின்றனர்?’ என்று அங்கத்தவர் உடனே கேட்பாராயின், கையிலுள்ள தாள் அமைச்சருக்கு உதவாது. துறையை அறிந்த அமைச்சர் அவ்விடத்திலேயே விடை கூறுவார், அறியாதவர் தடுமாறுவார். அமைச்சர் தம் துறையை ஆள்கின்றாரா, அன்றித் துறை அவரை ஆள்கின்றதா என்பது அந்த ஒரு நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும்.

துணைவினாவின் வலிமையை ஆள்வோர் நன்கு அறிந்திருந்தனர் என்பதற்கு வரலாறே சான்று. பிரித்தானியாவிற் பதிவாகியுள்ள முதல் வினா 1721 ஆம் ஆண்டு பிரபுக்கள் சபையிலே எழுந்தது. தென்கடற் கொம்பனி முறிந்து பல குடும்பங்கள் செல்வமிழந்த காலம் அது. அக்கொம்பனியின் தலைமைக் காசாளர் நாட்டை விட்டு ஓடிவிட்டார். அவர் பிடிபட்டது உண்மையா என்று கூப்பர் பிரபு அரசாங்கத்தைக் கேட்டார். 1783 இல் அமைச்சரை வினவும் உரிமை ஒவ்வோர் அங்கத்தவருக்கும் உண்டு என்று பொதுமக்கள் சபையின் சபாநாயகர் தீர்ப்புக் கூறினார்; ஆயின் விடையளிப்பதும் அளியாது விடுவதும் அமைச்சரின் விருப்பம் என்றும் சேர்த்துக் கூறினார். 1835 இல் வினாக்கள் முன்கூட்டியே அச்சிட்டு அறிவிக்கப்படலாயின. 1902 இல் எழுத்துமூல விடை வழங்கும் முறை வந்தது. பிரதம மந்திரியை வினவுவதற்கெனத் தனி நேரம் 1961 இலேயே நிலையாக வகுக்கப்பட்டது.

இந்தியாவிலே பிரித்தானியர் இவ்வுரிமையைத் துளித்துளியாகவே வழங்கினர். 1892 ஆம் ஆண்டுச் சட்டம் சட்டசபை அங்கத்தவர் வினவ இடமளித்தது; ஆனால் விடையைப் பற்றி ஒரு சொல்லும் பேசலாகாது. 1909 ஆம் ஆண்டின் சீர்திருத்தம், வினவியவர் மட்டும் துணைவினா எழுப்பலாம் என்றது. 1919 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் பின்னரே ஏனைய அங்கத்தவர்களும் துணைவினா எழுப்பும் உரிமை பெற்றனர். முதல் வினாவைக் கொடுக்கத் துணிந்த ஆட்சி, இரண்டாம் வினாவைக் கொடுக்கப் பதினேழு ஆண்டுகள் தயங்கியது. கூர்மை எங்கேயுள்ளது என்பதை அத்தயக்கமே காட்டுகிறது.

இலங்கையில் 1833 இல் தொடங்கிய சட்டநிரூபண சபைக் காலத்திலே, அரசாங்கத்தின் சார்பிற் பேசியோர் மக்களுக்குப் பொறுப்புடைய அமைச்சர்கள் அல்லர். தேசாதிபதிக்குப் பொறுப்புடைய உத்தியோகத்தர்களே. 1931 இல் டொனமூர் அரசியற்றிட்டம் வந்து, சர்வசன வாக்குரிமையாற் தெரிவான அரசாங்க சபையிலிருந்து ஏழு நிருவாகக் குழுக்களின் தலைவர்கள் அமைச்சர்களாயினர். அப்பொழுதும் நிதி, சட்டம், வெளிநாட்டலுவல், பாதுகாப்பு முதலியன மூன்று அரசாங்க உத்தியோகத்தர்களின் கைகளிலேயே இருந்தன. அவர்கள் சபையில் அமர்ந்து பேசினர். ஆனால் சபை அவர்களைப் பதவியினின்று நீக்க இயலாது. 1947 இல் சோல்பரி அரசியற்றிட்டத்தின்படி நூற்றொரு அங்கத்தவர் கொண்ட பிரதிநிதிகள் சபை கூடியபோதுதான், எல்லாத் துறைகளுக்கும் பாராளுமன்றத்துக்குப் பொறுப்புடைய அமைச்சரவை அமைந்தது. அதன் பின்னர் 1972 இலும் 1978 இலும் அரசியலமைப்பு மாறியது. சபையின் பெயரும் இடமும் மாறின. எனினும் அமைச்சர் எழுந்து வினாவுக்கு விடை கூறும் முறை நின்று நிலவுகிறது.

வினா எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இந்தியப் பாராளுமன்றத்தில் 1957 இல் நிகழ்ந்ததொன்று தக்க உதாரணம். அதற்கு முந்திய ஆண்டிலே ஆயுட் காப்புறுதித் தொழில் தேசிய மயமாக்கப்பட்டு, ஆயுட் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டிருந்தது. சாதாரண குடும்பங்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணம் அதனிடம் குவிந்தது. அப்பணத்தில் ஏறக்குறைய 1 கோடியே 24 இலட்சம் ரூபாவைக் கொண்டு, ஹரிதாஸ் முந்திரா என்னும் வணிகருடைய ஆறு கொம்பனிகளின் பங்குகள் 1957 ஜூன் மாதத்தில் வாங்கப்பட்டன. அக்கொம்பனிகளுள் பல நலிந்த நிலையில் இருந்தன. செப்டெம்பரில் லோக் சபையிலே இராம் சுபாக் சிங் இது பற்றி வினவினார். முதலிற் கிடைத்த விடைகள் அங்கத்தவர்களுக்குத் திருப்தி அளிக்கவில்லை. வினாக்கள் தொடர்ந்தன. டிசெம்பர் 16 ஆந் திகதி பெரோஸ் காந்தி விபரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பேசியபின், விசாரணையைத் தவிர்க்க இயலாது போயிற்று.

பம்பாய் உயர் நீதிமன்றப் பிரதம நீதியரசர் எம். சி. சாக்ளா 1958 தொடக்கத்தில் பகிரங்கமாக விசாரணை நடத்தினார். பொதுமக்கள் திரண்டு வந்து கேட்டனர். கூட்டுத்தாபனத்தின் முதலீட்டுக் குழுவைக் கலந்தாலோசியாமலே பங்குகள் வாங்கப்பட்டமை அங்கே வெளிப்பட்டது. செயலாளர் செய்ததைத் தாம் அங்கீகரிக்கவில்லை என்பது நிதியமைச்சர் தரப்பு நிலைப்பாடு. செயலாளரின் செயலுக்கு அமைச்சரே அரசியலமைப்பு முறைப்படி பொறுப்பாளர் என்று சாக்ளா முடிவு கூறினார். சென்னையைச் சேர்ந்த நிதியமைச்சர் ரி. ரி. கிருஷ்ணமாச்சாரி பெப்ரவரியிற் பதவி துறந்தார். ஆற்றல் மிக்கவரான அவர் பின்னர் 1962 இல் அமைச்சரவைக்கு மீண்டு, 1963 இல் மறுபடியும் நிதியமைச்சரானார்.

இந்நிகழ்ச்சியில் இரண்டு விடயங்கள் கருதத்தக்கன. முதலாவது, வினவிய இருவருமே ஆளுங்கட்சியினர். பெரோஸ் காந்தியோ பிரதம மந்திரி நேருவின் மருமகன். வினா எதிர்க்கட்சியின் தனியுடைமையன்று, சபையின் பொதுவுடைமை. இரண்டாவது, விடை ஒருமுறை சபையிற் கூறப்பட்டதும் அது அச்சேறிவிடுகிறது. செப்டெம்பரிற் கூறப்பட்டதை டிசெம்பரில் எடுத்துக்காட்டிக் கேட்கலாம். மேடைப்பேச்சு காற்றோடு போகலாம். சபையிற் கூறிய விடை கூறியவரைத் தொடர்ந்து செல்லும்.

ஆனால் விடையே உண்மையை மறைக்குமாயின் என் செய்வது? பிரித்தானியாவில் இவ்வினா வேறொரு வகையில் எழுந்தது. ஈரானும் ஈராக்கும் பொருத காலத்தில், அவ்விரு நாடுகளுக்கும் பாதுகாப்புத் தளபாடங்களை விற்பதற்கு அரசாங்கம் கட்டுப்பாடுகளை வகுத்து, 1985 இற் பாராளுமன்றத்துக்கு அறிவித்தது. 1988 இற் போர் நின்றபின், இளநிலை அமைச்சர்கள் மூவர் ஈராக்கைப் பொறுத்தவரையில் அவற்றைத் தளர்த்த இணங்கினர். இத்தளர்வு பாராளுமன்றத்துக்கு அறிவிக்கப்படவில்லை. கட்டுப்பாடுகள் பழையபடியே உள்ளன என்ற கருத்திலேயே அங்கத்தவர்களின் வினாக்களுக்கு விடைகள் சென்றன. 1992 இல் இயந்திரங்களை ஏற்றுமதி செய்த ஒரு கொம்பனியின் பணிப்பாளர்கள் மீது தொடுக்கப்பட்ட வழக்கு இடைநடுவில் வீழ்ந்தபோதே உண்மை வெளிவந்தது. அரசாங்கம் அறிந்திருந்த ஒரு காரியத்துக்காக அவர்கள் சிறை செல்லும் ஆபத்தில் நின்றிருந்தனர்.

நீதியரசர் சேர் றிச்சட் ஸ்கொட் நடத்திய விசாரணையின் அறிக்கை 1996 பெப்ரவரியில் வெளிவந்தது. வஞ்சக நோக்கம் இருந்ததென்று அவர் கூறவில்லையாயினும், விடைகள் சபைக்கு உண்மை நிலையைத் தெரிவிக்கத் தவறின என்று கண்டார். அது பற்றிய வாக்கெடுப்பில் அரசாங்கம் 320 க்கு 319 என்னும் ஒரே வாக்கினாற் தப்பியது. அமைச்சர் எவரும் பதவி விலகவில்லை. ஆயினும் 1997 மார்ச்சிற் பாராளுமன்றத்தின் இரு சபைகளும் தீர்மானம் நிறைவேற்றின: அமைச்சர்கள் சரியானதும் உண்மையானதுமான தகவலையே சபைக்குத் தரல் வேண்டும், தவறு நேர்ந்தால் இயன்ற விரைவில் திருத்தல் வேண்டும், அறிந்தே சபையைத் தவறாக வழிநடத்திய அமைச்சர் பதவி துறக்க முன்வருதல் எதிர்பார்க்கப்படும். நூற்றாண்டுகளாக மரபாக மட்டும் இருந்தது அன்று எழுத்தாகியது. ஆனால் எழுத்தாக்குவதற்கு ஒரு தவறு நேர வேண்டியிருந்தது என்பதையும் மறத்தலாகாது.

இன்றும் வினாவை வலுவிழக்கச் செய்யும் வழிகள் பல. விடையளிக்க ஒரு மாத கால அவகாசம் தருக என்று அமைச்சர் கேட்பதை இலங்கை ஹன்சாட்டிற் பல இடங்களிற் காணலாம். அவகாசம் முடியும் வேளையில் வினாவின் சூடு தணிந்திருக்கும். நீண்ட அட்டவணையைச் சபைப்பீடத்தில் வைத்துவிட்டு அமர்வதும் உண்டு. அட்டவணை அவசியமானதே, ஆனால் வாசிக்கப்படாத விடையின்மேற் துணைவினா எழுப்புதல் எளிதன்று. இந்தியாவில் 2020 ஆம் ஆண்டு மழைக்காலக் கூட்டத்தொடரில் நோய்த்தொற்றைக் காரணங் காட்டி வினா நேரமே நிறுத்தப்பட்டு, எழுத்துமூல விடைகள் மட்டும் வழங்கப்பட்டன. மொழியும் ஒரு தடையாகலாம். இலங்கை ஹன்சாட்டில் வாய்மூல விடைக்கான வினாக்கள் மும்மொழிகளிலும் அச்சாகின்றன. விடையோ அது கூறப்பட்ட மொழியிலேயே அச்சாகிறது. தமிழ்க் கிராமமொன்றின் குளத்தைப் பற்றிய வினாவைத் தமிழில் வாசிக்கும் விவசாயி, விடையை வாசிப்பதற்கு மற்றொருவரின் துணையை நாட நேரலாம்.

இக்குறைகளை எண்ணி வினாவினாற் பயனில்லை என்று முடிவு செய்வது பொருந்தாது. வினா தன்னிற் தானே வலியதன்று. ஆராய்ந்து கேட்கும் அங்கத்தவர், நடுநிலை தவறாத சபாநாயகர், விடையை மக்களிடம் கொண்டுசெல்லும் பத்திரிகை, வானொலி ஆகிய மூன்றும் கூடும்போதே அது வலிமை பெறுகிறது. இவற்றோடு நான்காவதாகப் பொதுமக்களும் வேண்டும். அங்கத்தவர் எல்லாம் அறிந்தவரல்லர். ‘எமது ஊரை அரசாங்கம் கவனிப்பதில்லை’ என்று ஒருவர் முறையிட்டால், அதைக் கொண்டு அவர் வினா அமைக்க இயலாது. எந்த வீதி, எந்த ஆண்டிற் பணம் ஒதுக்கப்பட்டது, எந்த அலுவலகத்துக்கு எந்தத் திகதியில் விண்ணப்பம் கொடுக்கப்பட்டது என்று எழுதிக் கொடுத்தால், வினா பாதி அமைந்துவிட்டது.

அங்கத்தவரின் துணையின்றிக் கேட்கும் வழியும் இன்று உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபின், இலங்கைப் பிரசை எவரும் பொது அதிகாரசபையொன்றிடம் தகவல் கோரலாம். தகவல் தரப்படுமா, மறுக்கப்படுமா என்ற முடிவைப் பதினான்கு வேலை நாட்களுள் அறிவித்தல் வேண்டும். மறுத்தால் அதற்குக் காரணம் கூறல் வேண்டும். இவ்வழியாகப் பெற்ற தகவல் சபையில் எழும் வினாவுக்கு ஆதாரமாகலாம்; சபையிற் கூறப்பட்ட விடையின் மெய்ம்மையைச் சோதிக்கவும் உதவலாம்.

அமைச்சர் வருவார், போவார், அரசாங்கம் மாறும். உடைந்த அணைக்கட்டைப் பற்றி ஓர் அமைச்சர் இன்று கூறிய விடை, நாளை வேறோர் அமைச்சரின் முன் வைக்கப்படும். சொன்ன திகதியில் வேலை முடிந்ததா என்று அப்போது கேட்பதற்கு, சொன்ன திகதியை நினைவில் வைத்திருப்போர் ஊரிலே இருத்தல் வேண்டும். அவர்கள் இருக்குமளவும், ‘இன்றேல், ஏன்?’ என்னும் வினாவைச் சபையிலே மீண்டும் எழுப்புவதற்கு இடமுண்டு.